பூவே தீவு

சென்ற வாரம் புதுச்சேரிக் கடற்கரையில் துய்ப்ளெக்ஸ் சிலை இடம் மாறிய கதையை எழுதியிருந்தேன். அந்தக் காலத்துக் கப்பல்காரர்களைப் பற்றியும் எழுதும்படி சிலர் கேட்டிருக்கிறீர்கள். எழுத ஆள் நிறைய உண்டு. நான் தேர்ந்தெடுத்திருப்பவர் சென்னைக்கு வந்து, மூட்டை முடிச்சை இறக்கிவிட்டு, எதிரி வந்து சேர்வதற்குள் காணாமல் போனவர். அவர் பெயரில் உலகத்திலேயே மிகத் தனிமையான தீவு ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மனிதர்கூட வசிக்கவில்லை.

அவர் பெயர் ழான் பத்தீஸ்த் ஷார்ல் பூவே த லொசியே. பிரெஞ்சில் கடைசி எழுத்தை விழுங்கிவிடுவார்கள் என்பதால் 'பூவெட்' என்று படிக்கக் கூடாது, பூவே என்றுதான் சொல்ல வேண்டும். தமிழில் எழுதினால் யாரோ காதலியைக் கூப்பிடுவது போல இருக்கும். ஆனால் பூவே தீவில் பூ கிடையாது. பாசியும் கற்பாசியும் மட்டும்தான் அங்கே தாவரம். வேர், தண்டு, பூ என்ற வரிசையில் வரும் எதுவும் முளைப்பதில்லை. பக்கத்துப் பூவிருந்தவல்லிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

முதலில் தீவைப் பார்த்துவிடுவோம்.

ஆப்பிரிக்காவின் தென்முனையில் நின்றுகொண்டு தென்மேற்காகப் பாருங்கள். சுமார் 2,500 கிலோமீட்டர் வெறும் கடல். அதற்கப்பால் 54 டிகிரி தெற்கு அட்சரேகையில், கிரீன்விச்சுக்குக் கிழக்கே 3 டிகிரி சொச்சத்தில் அட்லாண்டிக் கடலின் அடிவயிற்றில் இந்தத் தீவு கிடக்கிறது. இன்னும் தெற்கே போனால் அண்டார்டிக்காவின் கரை, அதுவும் சுமார் 1,700 கிலோமீட்டர். வேறு எந்த நிலமும் ஆயிரம் கிலோமீட்டருக்குள் இல்லை. உலகிலேயே மிகத் தொலைவான தீவு என்று இதைச் சொல்வது அதனால்தான்.

பரப்பு 49 சதுர கிலோமீட்டர். 2011இல் நம் அம்பத்தூரையெல்லாம் சேர்த்துக்கொள்வதற்கு முன்பு சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர் இருந்தது. அதில் கால்வாசிக்குச் சற்றே கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு பனிப்பாறையால் மூடப்பட்டது. உள்ளே இருப்பது எரிமலை. நடுவில் மூன்றரை கிலோமீட்டர் அகலத்துக்குப் பனி நிரம்பிய பள்ளம், அதன் விளிம்பில் 780 மீட்டர் உயரமுள்ள சிகரம். நம் பரங்கிமலையை ஒன்றன் மேல் ஒன்றாக எட்டு அடுக்கினாலும் அந்த உயரம் வராது. பனி அப்படியே வழிந்து வந்து கடலோரத்தில் செங்குத்துச் சுவராக முறிந்து விழுகிறது. கரை என்று சொல்லிக்கொள்ளத் தக்க இடங்களில் கறுப்பு எரிமலை மணல். துறைமுகம் கிடையாது, படகை ஒதுக்க ஒரு வளைவுகூட இல்லை.

54 டிகிரி என்பது கணக்குப்படி துருவமே அல்ல. வடக்கே அதே 54 டிகிரியில் இங்கிலாந்தின் யார்க்ஷயர் பக்கம் மாடு மேய்கிறது, கோதுமை விளைகிறது. ஆனால் தெற்கில் கடல் வேறு மாதிரி. அண்டார்டிக்காவைச் சுற்றி ஓடும் குளிர்நீரும் வடக்கிலிருந்து வரும் வெப்பநீரும் சந்திக்கும் ஒரு வரம்பு உண்டு. இந்தத் தீவு அந்த வரம்புக்குத் தெற்கே, குளிர்நீருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஆண்டு முழுவதும் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். குளிரைவிடக் காற்றும் மேகமும் மூடுபனியும்தான் அங்கே கொடுமை. பக்கத்தில் போயும் தீவைப் பார்க்காமல் திரும்பிய கப்பல்கள் உண்டு. இந்தக் கதைக்கு அந்த மூடுபனிதான் முக்கியம், அதனால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பூவே.

1705இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். சேன்-மாலோ துறைமுகத்தில் கப்பல் தொழில் கற்று, 1731இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் லெப்டினன்ட் ஆனார். அதாவது துய்ப்ளெக்ஸுக்குச் சம்பளம் கொடுத்த அதே கம்பெனிதான். அவர் மண்டையில் ஒரு பித்து குடியிருந்தது. 1500களின் தொடக்கத்தில் கொன்வீல் என்ற நார்மண்டிக் கப்பல் தலைவர் புயலில் வழி தவறி, தெற்கே ஒரு வளமான நாட்டைக் கண்டதாகச் சொன்னார். அங்கிருந்து ஒரு தலைவனின் மகனையும் கூட்டி வந்தார். அவர் போய்ச் சேர்ந்தது பிரேசில் கரை என்பதுதான் இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் கருத்து. ஆனால் இரண்டு நூற்றாண்டு பிரான்ஸ் அதைத் 'தென்னிந்தியா' என்று நம்பியது. நம் தென்னிந்தியா அல்ல, உலகத்தின் தென்கோடியில் இருக்க வேண்டிய வேறொரு இந்தியா! ஐரோப்பியர்களுக்கு எங்கே நிலம் தட்டுப்பட்டாலும் அதற்கு இந்தியா என்று பெயர் வைக்கும் வியாதி இருந்தது. மேற்கிந்தியத் தீவுக்காரர்கள் இன்னமும் அந்தப் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

கம்பெனிக்குப் பித்து கிடையாது, கணக்குத்தான். கிழக்கே போகும் கப்பல்களுக்கு வழியில் தண்ணீரும் காய்கறியும் பிடிக்க இடம் வேண்டும். நன்னம்பிக்கை முனை டச்சுக்காரர்களின் கையில் இருந்தது. நமக்கென்று தெற்கே ஓர் இடம் கிடைத்தால் நல்லதுதானே என்று கம்பெனி இரண்டு கப்பல்களைக் கொடுத்தது. ஒன்று 'ஏக்ல்', அதாவது கழுகு. மற்றது 'மரி'. 1738 ஜூலை 19 அன்று லொரியான் துறைமுகத்தை விட்டுக் கிளம்பினார்கள். பிரேசில் கரையில் தங்கிவிட்டுத் தென்கிழக்காகத் திரும்பினார்கள். டிசம்பரில் மூடுபனியும் பனிமலைகளும் தொடங்கின. தெற்கே அது கோடைக்காலம் என்பதை மறக்காதீர்கள்.

1739 ஜனவரி 1, பிற்பகல். மூடுபனிக்கு நடுவே உயரமான, பனி போர்த்திய நிலம் ஒன்று தெரிந்தது.

கத்தோலிக்க நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் கழிந்து எட்டாம் நாள் ஜனவரி 1. யூத வழக்கப்படி குழந்தை இயேசுவுக்கு விருத்தசேதனம் செய்த நாள் என்று அந்தக் காலத்தில் அன்றைக்குத் திருநாள் கொண்டாடினார்கள். பூவே யோசிக்கவே இல்லை. தெரிந்த முனைக்கு 'விருத்தசேதன முனை' என்று பெயர் வைத்துவிட்டார், பிரெஞ்சில் 'காப் த லா சிர்கொன்சிசியோன்'. படிப்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் கப்பல்காரர்களுக்கு அதுதான் வழக்கம். கிறிஸ்துமஸ் அன்று பார்த்தால் கிறிஸ்துமஸ் தீவு, ஈஸ்டர் அன்று பார்த்தால் ஈஸ்டர் தீவு. நேட்டால் என்பதும் போர்த்துகீசியத்தில் கிறிஸ்துமஸ்தான். நம் ஊரில் சனிக்கிழமை பிறந்த பையனுக்கு சனீஸ்வரன் என்று பெயர் வைப்பது மாதிரி.

கவனியுங்கள், அவர் தீவுக்குப் பெயர் வைக்கவில்லை, ஒரு 'முனை'க்குத்தான் வைத்தார். தான் பார்த்தது பெரிய கண்டத்தின் மூக்கு நுனி என்று நம்பினார். இறங்கிப் பார்க்கலாமென்றால் பனிக்கட்டியும் மூடுபனியும் விடவில்லை. பன்னிரண்டு நாட்கள் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு படகுகூடக் கரையைத் தொடவில்லை. மாலுமிகளுக்கு நோய் கண்டது. கிழக்கே பனி விளிம்பை ஒட்டிப் பல நாட்கள் ஓடிப் பார்த்துவிட்டு வடக்கே திரும்பினார். வளமான நாடும் இல்லை, தண்ணீர் பிடிக்கத் துறையும் இல்லை. கம்பெனிக்கு இந்தப் பயணத்தில் ஒரு காசும் தேறவில்லை.

இங்கே இவரை விட்டுவிட்டால் கதை வெறும் அட்லாஸ் சமாசாரம். ஒன்பது வருடம் கழித்து அவர் நம் கடலுக்கு வருகிறார்.

1746 செப்டம்பரில் லபூர்தொன்னே சென்னையைப் பிடித்தது பள்ளிப் புத்தகத்தில் உண்டு. ஜார்ஜ் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. ஆங்கிலேயர்கள் கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டையில் ஒதுங்கியிருந்தார்கள். துய்ப்ளெக்ஸ் அந்தக் கோட்டையையும் பிடித்துவிடத் திரும்பத் திரும்ப முயன்றார், நடக்கவில்லை. 1748இல் ஆங்கில அட்மிரல் கிரிஃபின் தன் கப்பல் படையோடு கடலூருக்கு எதிரே நின்று கடலை மறித்துக்கொண்டிருந்தார். புதுச்சேரியில் காசு இல்லை, ஆள் இல்லை. ஐரோப்பாவிலிருந்து இன்னும் பெரிய ஆங்கிலப் படை வருகிறது என்ற செய்தி வேறு.

அந்த ஜூன் மாதத்தில் மொரீஷியஸிலிருந்து ஒரு சிறு பிரெஞ்சுக் கப்பல் கூட்டம் வெள்ளியையும் சில நூறு சிப்பாய்களையும் ஏற்றிக்கொண்டு வந்தது. தலைவர் நம் பூவே. கிரிஃபினிடம் கப்பல்கள் அதிகம், பீரங்கிகளும் அதிகம். நேருக்கு நேர் மோதினால் கப்பலும் போகும், வெள்ளியும் போகும். பூவே மாலை நேரத்தில் எதிரியின் கண்ணில் படும்படி நின்றார். காலையில் சண்டை என்று ஆங்கிலேயர்கள் எதிர்பார்த்தார்கள். இருட்டியதும் பாய்களை விரித்து வடக்கே சென்னைக்குப் பறந்துவிட்டார்.

ஜூன் மாதம் இந்தக் கரையில் தென்மேற்குக் காற்று, நீரோட்டமும் வடக்கு நோக்கியே ஓடும் என்பது மீனவர்களுக்குத் தெரியும். கடலூரிலிருந்து சென்னைக்கு வருவது எளிது, திரும்பிப் போவதுதான் கஷ்டம். பூவே வந்த காற்றிலேயே சென்னைக்கு எதிரே நங்கூரம் போட்டார். அன்றைக்குச் சென்னையில் துறைமுகம் என்று ஒன்றும் இல்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். நம் ஆட்கள் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டிப் போய் சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டு வருவார்கள். ஆணி அடித்த படகாயிருந்தால் அந்த அலையில் பலகை பிளந்துவிடும், தைத்த படகு வளைந்து கொடுக்கும். பிரெஞ்சு அரசரின் வெள்ளி சென்னைக் கரையைத் தொட வேறு வழி கிடையாது. பெயர் தெரியாத நம் படகோட்டிகள் தோள் கொடுத்துத்தான் அது வந்திருக்கும். இறக்கி முடித்த கையோடு பூவே கிளம்பிவிட்டார். கிரிஃபின் வந்து பார்த்தபோது கடல் காலி.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பாஸ்கவன் பெரும்படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். அக்டோபரில் மழைக்காலம் வந்ததும் தோற்றுத் திரும்பினார். புதுச்சேரி தப்பியது. தப்பியதற்கு பூவே இறக்கிய பணமும் ஆளும் எவ்வளவு காரணம் என்று சரித்திர ஆசிரியர்கள் வாதாடலாம், காலிப் பெட்டியோடு துய்ப்ளெக்ஸ் அந்த முற்றுகையைத் தாங்கியிருக்க முடியாது என்பது என் எண்ணம். அப்போது அவருடைய துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு இல்லாவிட்டால் அந்தக் காலத்துப் புதுச்சேரியின் கடன் கவலையும் கப்பல் கவலையும் தமிழில் நமக்குக் கிடைத்தே இருக்காது. மறு ஆண்டு ஐரோப்பிய ஒப்பந்தப்படி சென்னை ஆங்கிலேயருக்கே திரும்பியது. பூவேயின் வெள்ளி இறங்கிய கரைக்கு இப்போது எந்த அடையாளமும் இல்லை.

அவர் பிறகு பூர்போன் தீவுக்கு, அதாவது இன்றைய ரெயுனியோனுக்கு, இரண்டு முறை கவர்னராக இருந்தார். 1750 முதல் 1752 வரை ஒரு முறை, 1757 முதல் 1763 வரை மறுமுறை. பிற்காலத்தில் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஆயிரக்கணக்கான தமிழர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கிய தீவு அது. இன்றும் அங்கே மாரியம்மனுக்குத் தீமிதி நடக்கிறது. அவர்களுக்கும் பூவே என்றால் பழைய கவர்னர் ஒருவர், அவ்வளவுதான்.

திரும்பவும் தெற்கே போவோம்.

பூவே தன் முனையை வரைபடத்தில் குறித்தார். அட்சரேகை சரியாக வந்தது. சூரியனோ நட்சத்திரமோ எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால் அட்சரேகை கிடைத்துவிடும். தீர்க்கரேகை அப்படியல்ல, அதற்கு நேரம் தெரிய வேண்டும். பூமி ஒரு டிகிரி திரும்ப நான்கு நிமிடம். கிளம்பிய ஊரில் இப்போது மணி என்ன, நான் நிற்கும் இடத்தில் மணி என்ன, இரண்டும் தெரிந்தால்தான் கணக்கு வரும். ஆடும் கப்பலில் சரியாக ஓடும் கடிகாரம் 1739இல் யாரிடமும் இல்லை. எத்தனை வேகத்தில் எந்தப் பக்கம் வந்தோம் என்று உத்தேசமாகக் கூட்டிக் கழித்துத்தான் குறித்தார்கள். பூவேயின் முனை உண்மையான இடத்துக்குச் சுமார் எட்டு டிகிரி கிழக்கே போய்விட்டது. நேரக் கணக்கில் அரை மணி, தூரக் கணக்கில் அந்த அட்சரேகையில் ஐந்நூறு கிலோமீட்டர். (நுங்கம்பாக்கத்தில் 1792இல் வானாய்வுக்கூடம் கட்டியதும் இந்தத் தொல்லைக்காகத்தான். பின்னால் இந்திய ரயில்கள் எல்லாம் மதராஸ் நேரப்படி ஓடியதும் அதனால்தான். அதைத் தனியாக எழுத வேண்டும்.)

இந்த அரை மணி நேரம் பூவேயின் மானத்தை வாங்கிவிட்டது. 1772இல் கேப்டன் குக் தன் இரண்டாம் பயணத்தில் விருத்தசேதன முனையைத் தேடிக்கொண்டு வந்தார். அவரிடம் ஹாரிசன் கடிகாரத்தைப் பார்த்துச் செய்த அருமையான கடிகாரம் இருந்தது. தான் எங்கே நிற்கிறோம் என்று குக்குக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் தேடிய முகவரியே தவறு. பூவே குறித்த இடத்தைச் சுற்றிப் பார்த்தார், நிலம் இல்லை. 1775இல் திரும்பும் வழியில் மறுபடியும் பார்த்தார், அப்போதும் இல்லை. பூவே பார்த்தது பனிமலையைத்தான் என்று முடிவு கட்டிவிட்டார். குக் சொன்னால் மறுபேச்சு ஏது? நான் வேலை பார்த்த காலத்தில், நல்ல பெயரெடுத்த அதிகாரி ஒருவர் கோப்பில் 'இடம் காணப்படவில்லை' என்று எழுதிவிட்டால், மனுதாரர் எத்தனை முறை நடந்தாலும் யாரும் போய் அளக்க மாட்டார்கள். அது மாதிரி.

பிறகு 1808இல் எண்டர்பி என்ற ஆங்கிலத் திமிங்கில வேட்டைக் கம்பெனியின் 'ஸ்வான்' கப்பல் தலைவர் லிண்ட்சே ஒரு தீவைப் பார்த்தார். பனியால் இறங்க முடியவில்லை. லிண்ட்சே தீவு என்று அதற்குப் பெயர் வந்தது. 1822இல் மொரெல் என்ற அமெரிக்கர் தான் இறங்கியதாக எழுதினார், ஆனால் அந்த மனிதர் கதை விடுவதில் பேர்போனவர். 1825 டிசம்பரில் அதே எண்டர்பி கம்பெனியின் நோரிஸ் வந்தார். ஆட்களை இறக்கி, பிரிட்டிஷ் மன்னர் பெயரில் கொடி நாட்டி, லிவர்பூல் தீவு என்று பெயர் வைத்தார். போகிற போக்கில் வடகிழக்கே இன்னொரு தீவையும் பார்த்ததாகச் சொல்லி, அதற்குத் தாம்சன் தீவு என்று பெயர் கொடுத்தார்.

ஒரே புல எண்ணுக்கு மூன்று பெயரில் பட்டா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே பாறை விருத்தசேதன முனை, லிண்ட்சே, லிவர்பூல் என்று மூன்று பெயரில் வரைபடங்களில் இருந்தது. தாம்சன் தீவுக்கோ பட்டா இருந்தது, நிலம்தான் இல்லை. பிறகு தேடிய யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை, ஆனாலும் இருபதாம் நூற்றாண்டு வரை வரைபடங்களில் அது குடியிருந்தது.

தீர்ப்பு 1898இல் வந்தது. கார்ல் ஷூன் என்ற விலங்கியல் பேராசிரியர் தலைமையில் 'வால்டிவியா' என்ற ஜெர்மன் கப்பல் ஆழ்கடல் ஆராய்ச்சிக்குக் கிளம்பியிருந்தது. நவம்பர் 25 அன்று அந்தத் தீவைக் கண்டு, சுற்றி வந்து, முதல் முறையாகச் சரியான இடத்தைக் கணக்கிட்டுப் பதிவு செய்தார்கள். நூற்று ஐம்பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு பூவே பொய் சொல்லவில்லை என்று ஆயிற்று. அவர் பார்த்தது தீவின் வடமேற்கு மூலை. அந்த மூலைக்கு இன்றும் அவர் வைத்த பெயர்தான்.

அதற்குள் தென்கடலில் திமிங்கில எண்ணெய் பெரும் பணமாகிவிட்டது. சோப்பு, மார்கரின் எல்லாவற்றுக்கும் அது வேண்டியிருந்தது. நார்வேக்காரர்கள்தான் வேட்டையில் கெட்டிக்காரர்கள், ஆனால் அங்கங்கே பிரிட்டனிடம் உரிமம் வாங்கி வரி கட்ட வேண்டியிருந்தது. தமக்கென்று ஒரு கரை வேண்டும் என்று நினைத்த லார்ஸ் கிறிஸ்டன்சன் என்ற கப்பல் முதலாளி 'நோர்வேஜியா' என்ற கப்பலை அனுப்பினார். 1927 டிசம்பர் 1 அன்று அந்தக் கப்பலின் ஆட்கள் தீவில் இறங்கி, ஏறத்தாழ ஒரு மாதம் அந்தப் பக்கமே இருந்து அளந்து, கொடி நாட்டினார்கள். 1928 ஜனவரி 23 அன்று அரசாணை வந்தது. அன்று வைத்த பெயர் 'பூவேத்-ஓய்யா'. ஓய்யா என்றால் அவர்கள் மொழியில் தீவு.

பிரிட்டன் சும்மா இருக்குமா? நோரிஸ் நாட்டிய கொடியைக் காட்டி ஆட்சேபம் தெரிவித்தது. வருவாய்த் துறையில் இருந்த எனக்கு இந்த வழக்கு ரொம்பப் பிடிக்கும். நூறு வருடத்துக்கு முன் ஒருவர் கல் நட்டுவிட்டுப் போனார், திரும்பியே வரவில்லை. இன்னொருவர் இப்போது வந்து அளந்து, குடிசையும் போட்டிருக்கிறார். அனுபவ பாத்தியதை யாருக்கு? கடைசியில் பிரிட்டன் விட்டுக்கொடுத்தது. 1930இல் சட்டம் போட்டு நார்வே அதைத் தன் சார்புப் பகுதியாக்கிக்கொண்டது. அண்டார்டிக் ஒப்பந்தம் 60 டிகிரிக்குத் தெற்கே மட்டும்தான் செல்லும் என்பதால், 54 டிகிரியில் இருக்கும் பூவே தீவில் நார்வேயின் உரிமையை அது தொடவில்லை. 1971 முதல் அது இயற்கைக் காப்பகம். பென்குயின்களும் உரோமச் சீல்களும் அங்கே உரிமையோடு வாழ்கின்றன.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு பூகோள வாத்தியார் பிரான்சின் தென்முனை நிலங்களை ஒப்பிக்கச் சொல்வார். கெர்கெலேன், குரொசே, சேன்-போல், ஆம்ஸ்டர்டாம், தெர் அதெலி என்று ராகம் போட்டுச் சொல்லுவோம். பூவே அந்தப் பட்டியலில் வராது, ஏனென்றால் பெயர் மட்டும்தான் பிரெஞ்சு. இத்தனைக்கும் எங்கள் ஊரைக் காப்பாற்ற வெள்ளி கொண்டு வந்தவர் கெர்கெலேன் அல்ல, பூவேதான். அதை அந்த வகுப்பறையில் யாரும் சொல்லவில்லை.

இன்றைய நார்வே வரைபடத்தை விரித்தால் அந்தச் சின்னத் தீவில் எத்தனை பேர்! உயரமான சிகரம் ஓலாவ் இளவரசர் பெயரில். தென்மேற்கே ஒட்டியிருக்கும் குட்டித் தீவு முதலாளி லார்ஸ் பெயரில். நடுப் பள்ளம் ஜெர்மானியர்கள் கொடுத்த வில்ஹெல்ம் மன்னர் பெயரில். ஒரு பனியாறு பொசாடோவ்ஸ்கி என்ற ஜெர்மன் மந்திரி பெயரில். அவர் அந்தத் தீவில் கால் வைத்தவரே அல்ல.

எனக்குப் பிடித்த பெயர் ஒன்று உண்டு. 1955இல் தென்னாப்பிரிக்கக் கப்பல் வந்தபோது மேற்குக் கரையில் ஒன்றும் இல்லை. 1958இல் அமெரிக்கக் கப்பல் வந்தபோது அங்கே ஒரு திட்டு இருந்தது. நடுவில் மலை சரிந்து கல்லும் மண்ணும் கடலோரம் குவிந்திருக்கிறது. நார்வேக்காரர்கள் ராஜா, மந்திரி என்று யாரையும் தேடாமல் 'நீரோய்சா' என்று பெயர் வைத்தார்கள். புதிதாகக் குவிந்த கல்மேடு என்று பொருள். நம் ஆட்களாக இருந்தால் புதுமேடு என்று வைத்திருப்பார்கள். பள்ளிக்கரணை, மேட்டுப்பாளையம், ஏரிக்கரை என்று பார்த்ததைச் சொல்லும் பெயர்கள்தான் நிலைக்கும். ஆவடிக்குப் பாருங்கள், ராணுவக் கிடங்கின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் ஆவடி என்று பேருந்தில் யாராவது அடித்துச் சொல்வார்கள். கிடங்கு வருவதற்கு வெகு முன்பே ஆவடி அங்கே இருந்தது. அதே சமயம் அம்பத்தூர் ஓ.டி. என்று தினமும் நூறு முறை கத்தும் நடத்துநரிடம் 'ஓ.டி. என்றால் என்ன?' என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் புதுமேட்டில்தான் இப்போது ஆராய்ச்சியாளர்கள் இறங்குகிறார்கள், தீவிலேயே இறங்கச் சுலபமான இடம் அதுதான். 1964இல் அங்கே உள்ளே ஒரு சிறு குட்டையில் ஆளில்லாத படகு ஒன்று கிடந்தது. பக்கத்தில் துடுப்பும் சில சாமான்களும் இருந்தன, மனிதர் யாரும் இல்லை. இணையத்தில் இதைப் பெரிய மர்மமாக ஊதுவார்கள். 1958 நவம்பரில் சோவியத் திமிங்கிலக் கப்பலிலிருந்து சிலர் இறங்கி, வானிலை மோசமாகி, ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள் என்ற விளக்கம் பின்னால் கிடைத்தது. அவர்கள் விட்டுப்போன படகாக இருக்கலாம் என்பது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது. 1996இல் நார்வே அங்கே வைத்த கொள்கலன் வீடு, 2006 நிலநடுக்கத்துக்குப் பிறகு காற்றில் அடித்துப் போனது. 2014இல் புதிதாகக் கட்டினார்கள்.

பூவே தீவிலிருந்து நேர் தெற்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து போனால், நம் இந்தியாவின் மைத்ரி ஆராய்ச்சி நிலையம். 1981 டிசம்பரில் காசிம் அவர்கள் தலைமையில் கோவாவிலிருந்து கிளம்பிய முதல் இந்தியக் குழு போனதும் 'போலார் சர்க்கிள்' என்ற நார்வேக் கப்பலில்தான். அங்கே முதலில் கட்டிய நிலையத்துக்கு தட்சிண கங்கோத்ரி என்று பெயர். 1984இல் அதற்கு ஒரு தபால் நிலையமும் வந்தது, கோவா தபால் கோட்டத்தின் கீழ். நிலையம் பனியில் புதைந்தது. பிறகு மைத்ரி, பாரதி. பக்கத்து ஏரிக்கு பிரியதர்ஷினி என்று பெயர். தேவி, நதி, பிரதமர் என்று நாமும் நம் நாட்காட்டியைக் கொண்டுபோய் அங்கே மாட்டியிருக்கிறோம்.

ஆள் இல்லாத பூவே தீவுக்கும் முகவரி உண்டு. இந்தியாவுக்கு '.இன்' போல, 1997இல் இந்தத் தீவுக்கென்று '.பிவி' என்ற இணைய முகவரி எழுத்து ஒதுக்கப்பட்டது. நார்வேதான் அதை வைத்திருக்கிறது. இன்றுவரை அதில் யாருக்கும் தளம் கொடுக்கவில்லை.